ஈரத்துணி போதாது: பழைய கார்களும் எரிபொருள் குழாய்களும்

புணேயிலிருந்து மகாபலேஷ்வர் செல்லும் வழியில், பஞ்சகனி ஏற்றத்தின் ஓரமாக முகப்பைத் திறந்தபடி நிற்கும் பத்மினி கார்களைச் சிறுவயதுக் கோடைப் பயணங்களில் நம்மில் பலர் பார்த்திருப்போம். ஓட்டுநர் எரிபொருள் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். அரைமணி நேரம் கழிந்தால் வண்டி ஒன்றுமே நடவாததுபோலப் புறப்பட்டுவிடும். அம்பாசடரின் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. எனினும் இத்தகைய கார்களையும், கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800ஐயும் பேணிவருவோர் காப்பீடு தொடர்பாக எங்களிடம் இன்றும் வருகிறார்கள். ஈரத்துணி அவர்களிடமும் இருக்கிறது.

அந்தக் கோளாறின் பெயர் ஆவியடைப்பு. பணிமனைகளில் ‘வேப்பர் லாக்’ என்பார்கள். பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் எளிதில் ஆவியாகும் பகுதி ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இக்கார்களில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்து, பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் தாழும். ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரமுள்ள மகாபலேஷ்வரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்க. குழாயில் குமிழிகள் நிறைந்துவிட்டால், நீர்மத்தைத் தள்ளுவதற்கென்று அமைந்த பம்பால் ஆவியைத் தள்ள இயலாது. புதிய கார்களில் பம்ப் தொட்டிக்குள்ளேயே இருந்து, பெட்ரோலை உயர் அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுவதால் இத்தொல்லை அரிது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால், வண்டி ஓடும்போது பெட்ரோல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே புகும். வண்டி திணறி நிற்கும். நாமும் வெயிலைக் குறைகூறுவோம். குளிர்ந்த காலைப்பொழுதிலும் திணறல் இருந்தால் அது ஆவியடைப்பாக இருக்க வாய்ப்பில்லை. முதலில் குழாயைப் பாருங்கள். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட குழாயில் வெடிப்பு வந்தால் நிலைமை வேறு. அங்கே பெட்ரோல் பீய்ச்சி வெளியேறும், அதுவும் சூடான புகைப்போக்கிக்கு அருகில்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த அக்கறையை மிகுதியாக்குகிறது. 20 சதவீதக் கலவை 2023 முதல் விற்பனைக்கு வந்தது. பழைய வகை ரப்பர் எத்தனாலில் ஊறி மென்மையாகவோ, காலப்போக்கில் வெடித்தோ போகக்கூடும். ஆகவே குழாய் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் உள்ளுறை கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறியீடு அச்சிடப்பட்ட குழாய் இதற்குப் பொருந்தும். தண்ணீர்க் குழாயையோ, மீன்தொட்டிக்குரிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயையோ பொருத்தும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

குழாய் புதிதாயினும் பழைய பாதையிலேயே ஓடினால் ஆவியடைப்பு தீராது. பல வண்டிகளில் முந்தைய பழுதுபார்ப்புகளின்போது உலோகக் குழாயை வெட்டி, ரப்பர் குழாயைப் புகைப்போக்கியின் அருகாகக் கொண்டுசென்றிருப்பார்கள். முதலில் அதைச் சூட்டிலிருந்து விலக்கிச் செலுத்த வேண்டும். நீண்ட தூரத்திற்கு எஃகுக் குழாயும், அதிர்வுள்ள இணைப்புகளில் மட்டும் ரப்பரும் இருப்பது முறை. செம்புக் குழாய் வளைக்க எளிது. ஆனால் அதிர்வினால் இறுகி வெடிக்கும். விலக இடமில்லாத பகுதிக்கு வெப்பம் தடுக்கும் உறை போடலாம். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தடித்த வெப்பத்தடுப்புத் தகட்டைச் சிலர் கழற்றி எறிந்திருப்பார்கள். அதையும் தேடிப் பொருத்தச் சொல்லுங்கள்.

எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு கிளிப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்; சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை.

எங்கள் மேசைக்கு உரிய செய்தி ஒன்று. பழைய காருக்குப் பலரும் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே எடுக்கிறார்கள். வண்டி தீப்பற்றினால் அதிலிருந்து உரிமையாளருக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதத்திற்கான காப்பீடு தீயை ஏற்கும்; தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் பொதுவாக ஏற்காது. ஐந்தாண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு உரிமையாளரும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வது. அந்தப் பேச்சின்போது புதிய குழாய்க்கான ரசீதையும் பணிமனைச் சீட்டையும் உடன் எடுத்துவாருங்கள்.