வயிற்றுச்சுவர் நரம்பு நெருக்கம்

வயிற்றுச்சுவர் நரம்பு நெருக்கம் என்பது, வயிற்றின் முன்பக்கத் தோலுக்குச் செல்லும் உணர்வு நரம்பொன்று தசையைக் கடக்கும் இடத்தில் அகப்பட்டு அழுத்தப்படுவதால் ஏற்படும் நாட்பட்ட வலி ஆகும். மருத்துவ நூல்களில் இது ஆன்டீரியர் கியூட்டேனியஸ் நெர்வ் என்ட்ராப்மென்ட் சின்ட்ரோம் என்றும், அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்னஸ் என்றும் குறிப்பிடப்படுகிறது. வலி வயிற்றில் தோன்றினாலும் கோளாறு உள்ளுறுப்புகளில் இல்லை. அவற்றை மூடியிருக்கும் சுவரில் உள்ளது. இவ்வேறுபாடு கவனிக்கப்படாமையால் நோயாளர் பலர் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், அகநோக்கிச் சோதனைகளுக்கும் சி.டி. ஸ்கேன்களுக்கும் உட்படுகின்றனர். குடல்வாலோ பித்தப்பையோ அகற்றப்பட்ட பின்னரும் அதே வலி அதே இடத்தில் தொடர்வதுண்டு. சோதனை முடிவுகள் யாவும் இயல்பாக இருப்பதால், வலி மனம் சார்ந்தது என்று கூறி அனுப்பப்படுவோரும் உளர்.

நரம்பின் பாதை

வயிற்றுச்சுவரின் முன்பகுதிக்கு உணர்வூட்டுபவை, பெரும்பாலும் மார்புத் தண்டுவட நரம்புகளில் 7 முதல் 12 வரையிலானவை. இவை முதுகிலிருந்து புறப்பட்டு, விலா எலும்புகளை ஒட்டி வந்து, வயிற்றின் பக்கவாட்டுத் தசை அடுக்குகளுக்கு இடையே முன்னோக்கிச் செல்கின்றன. வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக நேர்த்தசை அமைந்துள்ளது. இத்தசையின் வெளியோரத்தை ஒட்டிய பகுதியில் நரம்பின் கிளை ஏறத்தாழ 90 பாகை திரும்பி, நார்த்திசுவால் ஆன சிறு வளையம் ஒன்றின் வழியே தோலை நோக்கி வெளிவருகிறது. நரம்புடன் சிறு குருதிக்குழாய்களும் சிறிது கொழுப்பும் அவ்வழியே செல்கின்றன.

வளைவும் குறுகிய வாயிலும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதே இடர்ப்பாட்டுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதும் இதை ஒத்ததே. கருவுற்றிருத்தல், அறுவைத் தழும்பு, அடிபடுதல் போன்றவற்றுக்குப் பின் இது தொடங்கலாம். எனினும் பலரிடம் தெளிவான தொடக்கக் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. ஆண்களை விடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

வலியின் இயல்பு

உள்ளுறுப்பு வலி பொதுவாக மங்கலானது. நடுக்கோட்டை ஒட்டிப் பரவலாக உணரப்படும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நோயாளர் உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக் காட்டுவார். நரம்பு நெருக்கத்திலோ ஒரே விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்; நாள்கள் பல கடந்தாலும் அப்புள்ளி பெரும்பாலும் மாறுவதில்லை. எழும்போதும், திரும்பிப் படுக்கும்போதும், இருமும்போதும் வலி கூடும். சிலருக்குக் குமட்டல், வயிற்று உப்புசம் ஆகியனவும் சேர்ந்து வருவதால், எரிச்சல் குடல் நோய் எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

கார்னெட் சோதனை

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் கார்னெட் 1926 ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இது. நோயாளர் மல்லாந்து படுத்திருக்க, மருத்துவர் வலிமிகுந்த புள்ளியை விரல் நுனியால் கண்டறிந்து அழுத்துகிறார். விரலை எடுக்காமலே, தலையையும் தோள்களையும் (அல்லது நீட்டிய கால்களை) சற்று உயர்த்துமாறு நோயாளரிடம் கூறுகிறார். அப்போது வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. வலி உள்ளுறுப்பில் இருந்தால், இறுகிய தசை கேடயம்போல் நின்று விரலின் அழுத்தத்தைத் தடுக்கும்; வலி குறையும். வலி சுவரிலேயே இருந்தால் குறையாது, பெரும்பாலும் கூடும். இதுவே நேர்மறை முடிவு ஆகும்.

மென்பொருளில் பிழை தேடுவோர் ஒரு பகுதியைத் தனிமைப்படுத்திவிட்டு, பிழை நீடிக்கிறதா என்று பார்ப்பர். கார்னெட் சோதனையின் தருக்கமும் அதுவே. கருவி எதுவும் வேண்டாத, ஓரிரு நிமிடங்களில் முடியும் இச்சோதனை, விலைமிக்க சோதனைகள் அனைத்தும் தீர்ந்த பிறகே பலருக்குச் செய்யப்படுவது விந்தையே.

இதற்கு வரம்புகளும் உண்டு. வயிற்றுச்சுவரின் உட்புறத்தை ஒட்டிய உதரமடி அழற்சியுற்றால் குடல்வால் அழற்சியிலும் நேர்மறை முடிவு வரலாம். குடலிறக்கம், நேர்த்தசை உறைக்குள் குருதிக்கட்டு, தழும்பில் வளரும் கருப்பை உட்படலத் திசு ஆகியனவும் சுவரிலேயே அமைவதால் அவ்வாறே முடிவு தரும். இவற்றைப் பிரித்தறிய மீயொலிச் சோதனை உதவும். அக்கி, நீரிழிவு நரம்புக் கோளாறு ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சல், எடையிழப்பு, மலத்தில் குருதி முதலியன இருப்பின், சோதனை முடிவு எதுவாயினும் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தே ஆக வேண்டும்.

பிற அடையாளங்கள்

வலிப் புள்ளியைச் சுற்றியுள்ள தோலைக் கிள்ளித் தூக்கினால், மறுபக்கத்தில் அவ்வாறே செய்வதை விட மிகுந்த வலி ஏற்படும். பஞ்சால் தடவும்போதோ குளிர்ந்த பொருளால் தொடும்போதோ அவ்விடத்தில் உணர்வு குறைந்தோ மிகுந்தோ மாறியோ இருக்கும். இவ்வடையாளங்கள் கார்னெட் சோதனையுடன் சேரும்போது ஐயம் வலுப்பெறுகிறது.

ஊசிமருந்தால் உறுதி செய்தல்

லிடோகெய்ன் போன்ற உணர்வகற்றி மருந்தை வலிப் புள்ளியில், தசையுறைக்குக் கீழே செலுத்துவர். சில நிமிடங்களில் வலி பாதியாவது குறைந்தால் நோயறிதல் உறுதியானதாகக் கொள்ளப்படுகிறது. மருந்து எதுவாயினும், ஊசி போட்ட நம்பிக்கையிலேயே வலி தணியாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. நெதர்லாந்தில் நடத்தப்பெற்று 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதையே சோதித்தது. 48 நோயாளரில் பாதிப்பேருக்கு லிடோகெய்னும் மற்றவர்களுக்கு உப்புநீரும் செலுத்தப்பட்டன. லிடோகெய்ன் பெற்றவர்களுள் 13 பேருக்கும் உப்புநீர் பெற்றவர்களுள் 4 பேருக்கும் வலி குறைந்தது. ஆகவே நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயினும் வேறுபாடு முழுவதையும் அது விளக்காது.

ஊசி சிலருக்கு நோயறியும் வழியாக மட்டுமன்றி மருந்தாகவும் அமைகிறது. திரும்பத் திரும்பச் செலுத்தியபின் வலி நிலையாக நீங்குவதுண்டு. நீங்காதோருக்கு அந்நரம்புக் கிளையை வெட்டி நீக்கும் அறுவை செய்யப்படுகிறது. அதே ஆய்வுக் குழுவினர் 44 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், நரம்பு நீக்கப்பட்ட 22 பேரில் 16 பேரும், தோலையும் உறையையும் மட்டும் திறந்து மூடிய 22 பேரில் 4 பேரும் பயன் பெற்றனர். அறுவைக்குப் பின் தோலின் அச்சிறு பகுதியில் மரப்பு எஞ்சக்கூடும்.