இதயச் சிரை பலூன் விரிவாக்கம்

இதயச் சிரை பலூன் விரிவாக்கம் என்பது, இதயமுடுக்கியின் மின்கம்பி செல்லவேண்டிய சிரை குறுகியிருக்கும்போது அதைச் சிறு பலூனால் அகலப்படுத்தும் முறையாகும். இதய மறுஒத்திசைவுச் சிகிச்சையில் இது சில நோயாளிகளுக்குத் தேவைப்படுகிறது.

இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கு இடப்பக்க மின்கடத்துக் கற்றை பழுதடைந்து, இடது கீழறையின் பக்கச்சுவர் தாமதமாகச் சுருங்கும். இரு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டினால் இக்குறை குறையும். வலது கீழறைக்குக் கம்பியைக் கொண்டு செல்வது எளிது. இடது கீழறைக்குள்ளேயே கம்பியை வைத்தால், அதன்மேல் உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே வலது மேலறையில் திறக்கும் கரோனரி சைனஸ் என்னும் சிரைக்குள் நுழைந்து, இடது கீழறையின் வெளிப்புறம் ஓடும் கிளைச்சிரையில் கம்பி வைக்கப்படுகிறது. பிரான்சின் டோபேர் குழுவினர் 1998-இல் இம்முறை குறித்த தம் அனுபவத்தை வெளியிட்டனர்.

இச்சிரைகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஏற்ற இடத்தில் ஒரே ஒரு கிளை இருந்து, அதுவும் குறுகியிருக்கலாம். முந்தைய இதய அறுவைச் சிகிச்சையின் வடு, பழைய கம்பியைச் சுற்றி வளர்ந்த நார்த்திசு, சிரைக்குள் உள்ள வியூசென்ஸ் வால்வு ஆகியவையும் வழியை மறிக்கும்.

முதலில் சாயம் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படத்தில் சுருக்கம் கண்டறியப்படும். பின்பு 0.014 அங்குல வழிகாட்டிக் கம்பி அதைத் தாண்டிச் செலுத்தப்படும். அதன்மேல் பலூன் ஏற்றி விரிக்கப்படும். தமனி அடைப்புக்குப் பயன்படும் அதே பலூன்தான். ஆனால் நோக்கம் வேறு. தமனியில் குருதியோட்டம் நிலைத்திருக்க வேண்டும். அதனால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். இங்கோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மின்கம்பி கடந்து சென்றால் போதும். பிறகு சிரை மீண்டும் சுருங்கினாலும் பெரும்பாலும் கேடில்லை. வடிய வேண்டிய குருதிக்கு வேறு சிரைகள் உண்டு. நார்த்திசு பலூனுக்கு இணங்காமல் இருப்பதே பெரிய தொல்லை. அப்போது அதிக அழுத்தம் தாங்கும் பலூன் தேவைப்படும்.

சிரைச்சுவர் மெல்லியது, கிழியவோ துளைபடவோ கூடும். சிரையில் அழுத்தம் குறைவு என்பதால் கசிவு பல வேளைகளில் தானே அடங்கும். எனினும் இதய உறைக்குள் குருதி தேங்கினால் உயிருக்கு ஆபத்து என்பதால் உடனடிக் கண்காணிப்பு தேவை.

விரிவாக்கமும் பலிக்காவிட்டால், மார்பில் சிறு கீறலிட்டு இதயத்தின் மேற்பரப்பில் கம்பி பொருத்தலாம். கீழறைத் தடுப்புச்சுவர் வழியாக இடப்பக்கக் கற்றையையே தூண்டும் புதிய முறையும் இப்போது கையாளப்படுகிறது. அதற்கு இதயச் சிரைகளே தேவையில்லை.