மண் காத்த சிறுபொருள்கள்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூர் உழவர் ஒருவர் தம் வயலில் சுத்தியல் ஒன்றைத் தவறவிட்டார். அதனைத் தேடித் தருவதற்காக அவருடைய நண்பர் எரிக் லாஸ் என்பவர், 1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், உலோகம் கண்டறியும் கருவியுடன் அவ்வயலில் இறங்கினார். கருவி ஒலித்த இடத்தில் தோண்டியபோது வெள்ளிக் கரண்டிகளும் பொன்னணிகளும் காசுகளும் வெளிப்பட்டன. சிலவற்றை எடுத்த அவர், தாம் கண்டது எளிய பொருளன்று என உணர்ந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் செய்தி தெரிவித்தார். மறுநாளே வந்த தொல்லியலாளர்கள் எஞ்சியவற்றை மண்ணோடு சேர்த்துப் பாளங்களாகப் பெயர்த்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகப் பிரித்தனர்.

அங்குக் கிடைத்தவை 15,000 உரோமானியக் காசுகளுக்கும் மேல். பொன்னாலும் வெள்ளியாலும் ஆன பிற பொருள்கள் ஏறத்தாழ 200. எனினும் வியப்பிற்குரியது இந்த எண்ணிக்கையன்று. மண் கலைக்கப்படாமல் வந்ததனால், அவை ஒரு மரப்பேழைக்குள் வைக்கப்பட்டிருந்தன என்பதும், அப்பேழைக்குள் சிறுசிறு பெட்டிகள் இருந்தன என்பதும், அவற்றுக்கு விரலளவே ஆன வெள்ளிப் பூட்டுகள் இடப்பட்டிருந்தன என்பதும், அடுக்கிய கிண்ணங்கள் உராயாதிருக்க இடையே உலர்புல் வைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தன. பிரித்தானியத் தீவில் உரோமானிய ஆட்சி சரிந்துகொண்டிருந்த கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு செல்வக் குடும்பம் பதற்றமின்றிப் பக்குவமாகக் கட்டிவைத்த உடைமை அது. மரமும் புல்லும் பெரிதும் மட்கிவிட்டன. அவற்றின் சுவட்டைக் காத்தது மண்ணே. தேடிச் சென்ற சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமை!

ஊக்கும் அகலும்

ஹாக்ஸன் போன்ற புதையல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. உரோமானியத் தொல்பொருள்களைத் திரட்டுவோர் பலருடைய பேழைகளில் இருப்பவை மிக எளியவை: ஆடை ஊக்கு, அகல்விளக்கு, திறவுகோல், பகடை, எழுத்தாணி, செருப்பாணி. பேரரசர்களின் பளிங்குச் சிலைகள் அரண்மனையைக் காட்டுகின்றன. இவையோ அடுக்களையையும் படைவீட்டையும் கடைத்தெருவையும் காட்டுகின்றன.

ஆடை ஊக்கை எடுத்துக்கொள்வோம். உரோமானியர் தம் மேலாடையைத் தோளில் சேர்த்துப் பிணைக்க வெண்கல ஊக்கினையே பெரிதும் பயன்படுத்தினர். கம்பியைச் சுருட்டிய வில், அதிலிருந்து நீளும் ஊசி, ஊசியின் முனையைப் பற்றிக்கொள்ளும் கொளுவி ஆகிய மூன்றே உறுப்புகள். இன்று நாம் பயன்படுத்தும் ஊக்கின் அமைப்பும் இதுவே. காலந்தோறும் நாடுதோறும் இதன் வடிவம் மாறிவந்தமையால், பயின்ற கண்கள் ஓர் ஊக்கைக் கண்ட அளவிலேயே அது எந்த நூற்றாண்டினது, எப்பகுதியினது என்று கூறிவிடும்.

அகல்விளக்கின் கதை இன்னும் சுவையானது. மேற்பாதிக்கு ஒன்றும் கீழ்ப்பாதிக்கு ஒன்றுமாக இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி, இரு பாதிகளையும் ஒட்டிச் சுட்டனர். நடுத்துளை வழியே எண்ணெய் வார்ப்பர். மூக்கில் திரி எரியும். மேல்வட்டத்தில் வாட்போர் வீரரோ தெய்வமோ விலங்கோ புடைப்பாக அமைந்திருக்கும். சிலவற்றின் அடியில் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டது. வட இத்தாலியில் மோதெனா நகரை ஒட்டி இயங்கிய ஃபோர்டிஸ் என்னும் பட்டறையின் விளக்குகள் பெரும்புகழ் பெற்றன. புகழ் பெற்ற பொருளுக்குப் போலியும் தோன்றும் அன்றோ? பிற மாநிலங்களின் குயவர்கள் அவ்விளக்கின் மீதே அச்செடுத்து, பெயரையும் சேர்த்துப் படியெடுத்தனர். ஆகவே ‘ஃபோர்டிஸ்’ என்னும் எழுத்தை மட்டும் கொண்டு ஒரு விளக்கு இத்தாலியில் பிறந்தது என்று துணிய இயலாது. அது எங்கே கிடைத்தது, அதன் மண் எந்நிலத்து மண் என்பவற்றையும் அறிதல் வேண்டும்.

திறவுகோல் சில வேளைகளில் கணையாழியோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. சிறுபெட்டியின் திறவுகோலை விரலிலேயே அணிந்துகொள்ளலாம். எழுத்தாணியின் ஒருமுனை கூரியது, மெழுகு பூசிய பலகையில் எழுதுவதற்கு. மறுமுனை தட்டையானது, எழுதியதைத் தேய்த்து அழிப்பதற்கு. எலும்புப் பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டுத்தொகை பெரும்பாலும் ஏழாகவே இருக்கும், இன்றைய பகடையைப் போலவே.

பழமையான ஆசை

பழம்பொருள் திரட்டும் ஆசை உரோமானியரிடமும் இருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காப்ரித் தீவிலிருந்த தம் மாளிகையில் பேருயிர்களின் எலும்புகளையும் பண்டை வீரர்களின் படைக்கலங்களையும் சேர்த்துவைத்திருந்தார் என்று சூட்டோனியஸ் எழுதியுள்ளார். ஸ்திராபோ கூறும் செய்தி சற்றே கசப்பானது. கி.மு. 146இல் உரோமானியர் அழித்த கிரேக்க நகரமாகிய கொரிந்துவை ஜூலியஸ் சீசர் மீண்டும் நிறுவியபோது, அங்குக் குடியேறியோர் பழைய கல்லறைகளைத் தோண்டிச் சுடுமண் கலங்களையும் வெண்கலப் பொருள்களையும் எடுத்து உரோமில் விற்றனர். நல்ல விலை கிடைத்ததனால் ஒரு கல்லறையையும் விட்டுவைக்கவில்லை. வாங்குவோர் இருக்கும்வரை தோண்டுவோரும் இருப்பர் என்பதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய சான்று இது.

இடம் இழந்த பொருள்

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் மதிலுக்கு அருகில் விண்டோலாண்டா என்னும் உரோமானியப் படைவீடு இருந்தது. காற்றுப் புகாத ஈரமண் மூடியதனால் அங்குத் தோலும் மரமும் மட்காமல் இருந்தன. ஆயிரக்கணக்கான காலணிகள் அங்குக் கிடைத்துள்ளன. பழம்பொருள் சந்தையில் ஒரு சிறுவனின் கிழிந்த காலணிக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆனால், மகளிரும் சிறுவரும் அணிந்த காலணிகள் படைவீரர் குடியிருப்புகளுக்குள்ளேயே கிடைத்தன. படைவீட்டின் மதிலுக்குள் வாழ்ந்தோர் அனைவரும் வீரர்களே என்னும் பழைய கருத்தை அவை அசைத்துவிட்டன. காலணி கிடைத்த அறையைக் குறித்துவைக்காமல் அதனை மட்டும் எடுத்துச் சென்றிருந்தால் இவ்வுண்மை நமக்குக் கிட்டியிராது.

1973இல் அங்கே மெல்லிய மரச்சீவல்கள் சில வெளிப்பட்டன. அவற்றில் மையால் எழுதிய எழுத்துகள் இருந்தன. பின்னாளில் அங்குக் கிடைத்த அத்தகைய ஓலை ஒன்றில், கிளாடியா செவேரா என்னும் பெண்மணி தம் பிறந்தநாளுக்கு வருமாறு படைத்தலைவரின் மனைவி சல்பீசியா லெபிடினாவை அழைத்திருக்கிறார். எழுத்தர் எழுதிய மடலின் முடிவில் தம் கைப்படவும் சில சொற்களைச் சேர்த்துள்ளார். ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வரிகள், பெண்ணொருவர் தம் கையால் இலத்தீனில் எழுதியவற்றுள் மிகப் பழையனவாகக் கருதப்படுகின்றன. பொன்னும் வெண்கலமும் மட்டும் தேடும் ஒருவரின் மண்வெட்டி இந்தச் சீவலை மண்ணோடு மண்ணாக வீசியிருக்கும்.

அப்படி வீசப்பட்டவற்றுக்குக் கணக்கில்லை. பல்கேரியாவில் தன்யூப் ஆற்றங்கரையில் இருந்த ராட்டியாரியா என்னும் உரோமானிய நகரம், 1989ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்திற்குப் பின் களவாகத் தோண்டுவோரால் குழிகள் நிறைந்த மேடாகிப் போயிற்று. பொறிகளைக் கொண்டும் அந்நிலம் புரட்டப்பட்டது. இத்தகைய இடங்களிலிருந்து வெளியேறும் ஊக்குகளும் காசுகளும் எல்லைகளைக் கடந்து, பிறந்த ஊர் அறியாத பொருள்களாய் விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் நேர்மையாளராகவே இருக்கலாம். அவர் கையில் இருக்கும் ஊக்கு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சூழ்ந்திருந்த செய்தி அழிந்தது அழிந்ததே. அழகு கருதிப் பச்சைக் களிம்பை அமிலத்தால் கழுவுவோர் எஞ்சிய மேற்பரப்பையும் அரித்துவிடுகின்றனர்.

பதிவேட்டின் பயன்

இத்தாலி போன்ற நாடுகளில் மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. இங்கிலாந்தும் வேல்சும் வேறு வழியை மேற்கொண்டன. கண்டெடுப்போர் தம் பொருளைக் கொண்டுவந்து காட்டினால், அது கிடைத்த இடத்தோடு பதிவுசெய்யும் திட்டம் 1997இல் தொடங்கப்பட்டது. பதிவு முடிந்ததும் பெரும்பாலான பொருள்கள் கண்டெடுத்தவரிடமே திரும்பிவிடும். இதுவரை 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பதிவான இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, முன்பு அறியப்படாத உரோமானியக் குடியிருப்புகள் பல புலப்பட்டன.

இவ்வழியிலும் ஓட்டை இருந்தது. 2010இல் கும்ப்ரியா மாவட்டத்தின் கிராஸ்பி காரெட் என்னும் ஊருக்கருகில் முகமூடியோடு கூடிய உரோமானியத் தலைக்கவசம் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. தனித்த வெண்கலப் பொருள் அன்றைய சட்டப்படி ‘புதையல்’ ஆகாது. ஆகவே, அது அதே ஆண்டு ஏலத்தில் 22 இலட்சம் பவுண்டுக்கும் மேலான விலைக்குப் பெயர் வெளியிடாத ஒருவர் வசமாயிற்று. அப்பகுதி அருங்காட்சியகம் பொதுமக்களிடம் பணம் திரட்டியும் பயனில்லை. சட்டத்தின் வரையறை விரிவாக்கப்பட்டது 2023இல்தான்.

தமிழ் நிலத்துச் சான்று

ஹாக்ஸன் பேழையில் மிளகுப்பொடி தூவும் வெள்ளிக் குப்பிகள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்று, அணி புனைந்த ஒரு சீமாட்டியின் வடிவம் கொண்டது. அடியிலுள்ள வட்டைத் திருப்பினால் மூடவும் தூவவும் நிரப்பவும் முடியும். அத்தகைய குப்பிகளை நிரப்பிய மிளகு இந்தியாவிலிருந்து சென்றது. மிளகைக் கொண்டுசென்ற வணிகம் இங்கே விட்டுச்சென்றவையும் பெரும்பாலும் சிறுபொருள்களே.

கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து உரோமானியச் செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பல, தேய்ந்து உருவம் மங்கியவை. அவற்றை ஆர்வலர்கள் திரட்டியிராவிடில் அவற்றுட் பல உருக்கு உலைக்குப் போயிருக்கும். அந்த அளவில் அவர்கள் தொண்டு பெரிது. எனினும், ஆற்றுநீர் புரட்டிய மணலில் மண்ணடுக்கு இல்லை. இக்காசுகள் இங்குச் சில்லறையாகவே புழங்கினவா, எந்தத் தலைமுறையின் கைகளில் தேய்ந்தன என்னும் வினாக்களுக்கு அக்காசுகளைக் கொண்டு மட்டும் விடை காண்பது அரிது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் வழங்கும் செந்நிற மட்கலச் சில்லுகள் கிடைத்தன. விற்றால் விலை போகாத உடைசல்கள் அவை. ஆனால், அவ்வகைக் கலம் செய்யப்பட்ட காலம் ஐரோப்பிய அகழ்வுகளால் முன்பே தெரிந்திருந்தது. எனவே, அதே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. அப்பானைகள் தென்னிந்தியாவின் பிற ஊர்களில் கிடைத்தபோது அவ்வூர்களுக்கும் காலம் கணிக்க முடிந்தது. ஒவ்வொரு சில்லும் எந்த அடுக்கினது என்று வீலர் குறித்துவைத்திருந்தார். அதனால்தான் பல்லாண்டுகளுக்குப் பின் விமலா பெக்லி அச்சான்றுகளை மீளாய்வு செய்து, 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழ்ந்து, அரிக்கமேட்டின் தொடக்கம் வீலர் கருதியதைவிட முற்பட்டது என்று நிறுவ இயன்றது.