நிறமற்ற மூன்று திரவங்கள்

காய்ச்சலோடு வருபவருக்கு மாத்திரை கொடுப்பதோடு மருத்துவர் நின்றுவிடுவதில்லை; காய்ச்சலின் காரணத்தைத் தேடுகிறார். மருத்துவமனையிலேயே ஒரு பிழை நேரும்போது, அதே தேடலை அது தன்மீதும் நடத்தியாக வேண்டும்.

2004 நவம்பரில், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனையில், 69 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மூளை இரத்தக்குழாய்ப் புடைப்புக்கான சிகிச்சை நடைபெற்றது. எக்ஸ்ரே படத்தில் குழாய்களைக் காட்டும் சாயத்துக்குப் பதிலாக, தோலைத் தூய்மைப்படுத்தும் கிருமிநாசினி அவருடைய இரத்தக்குழாயில் செலுத்தப்பட்டுவிட்டது. 19 நாட்களுக்குப் பின் அவர் இறந்தார்.

மருத்துவமனை அதை மறைக்கவில்லை. குடும்பத்தாரிடமும் ஊரறியவும் தவற்றை ஒப்புக்கொண்டது.

"யார் செய்தது?" என்று மட்டும் கேட்டிருந்தால், ஒரு பெயரோடு விசாரணை முடிந்திருக்கும். "எப்படி நேர்ந்தது?" என்று கேட்டதால் சிகிச்சை மேசை கண்ணுக்குத் தெரிந்தது. சாயம், உப்புநீர், கிருமிநாசினி ஆகிய மூன்றும் பெயர்ச்சீட்டு ஒட்டப்படாத கிண்ணங்களில் இருந்தன. மூன்றும் நிறமற்றவை. முன்பு பயன்பட்ட அயோடின் கிருமிநாசினி பழுப்பு நிறமுடையது; அதைச் சாயமென்று எவரும் எடுத்துவிட முடியாது. அதற்கு மாற்றாக வந்த குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்துதான். ஆனால் நிறம் தந்துவந்த எச்சரிக்கை மறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. அன்று அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் கை தவறியிருக்கக் கூடும். பணியாளரை மாற்றினாலும் மேசை அப்படியே இருந்திருக்கும்.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் குறையைக் காணும் தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம். அந்த முறையைப் பின்பற்றி, ஆபத்தைக் காணும் எந்த ஊழியரும் எச்சரிக்கை எழுப்பலாம் என்ற ஏற்பாட்டை இதே மருத்துவமனை 2002 முதலே வைத்திருந்தது. விதி எழுதுவது எளிது. மூத்த மருத்துவரிடம் இளம் செவிலியர் ஒருவர் "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். அத்துணிவைக் கண்டிக்காத மூத்தோரும் வேண்டும்.

நோயாளியின் அருகில் இரவும் பகலும் இருப்பவர் நீங்கள். நேற்று வெள்ளை மாத்திரை, இன்று மஞ்சள் என்றால், விழுங்கும் முன்பே "இது எதற்கு?" என்று கேளுங்கள். ஊசி போடுமுன் நோயாளியின் பெயரை யாரும் சரிபார்க்கவில்லையென்றால் நினைவூட்டுங்கள். எங்களுள் சிலர் முகம் சுளிக்கவும் கூடும், அதற்காக விட்டுவிடாதீர்கள். பிழை நேரவிருந்து தப்பியதையும் செவிலியர் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். யாருக்கும் தீங்கு நேராத அந்த நாளில்தான் மேசையைத் திருத்தி வைக்க முடியும்.