ஆயரின் கையுறையும் உழைப்போர் கையும்

ஊவா மாகாணத்துக்கென 1972ஆம் ஆண்டில் பதுளை மறைமாவட்டம் நிறுவப்பட்டது. லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களின் கத்தோலிக்க மக்களும் அதற்குரியோரே. அது தோன்றுமுன்னரே ஆயரின் திருவுடைகளுள் ஒன்று தன் கட்டாயத்தை இழந்திருந்தது. அதுவே கையுறை.

ஆயர் நிகழ்த்தும் பெருவிழாத் திருப்பலியில், பட்டுக் கையுறை அணிதல் இடைக்கால ஐரோப்பாவில் நிலைபெற்ற வழக்காகும். தந்தையின் ஆசிபெற யாக்கோபு தன் கைகளில் ஆட்டுத்தோல் போர்த்திய விவிலியக் கதையோடு அது இணைக்கப்பட்டது. தூய்மையின் குறியீடாகவும் கொள்ளப்பட்டது. எனினும் காணிக்கை வேளையில், கைகழுவுமுன் அது கழற்றப்பட்டது. அப்பத்தை ஏந்தியது வெறுங்கையே.

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1968இல், கையுறை ஆயரின் விருப்பிற்கு விடப்பட்டது. 1969ஆம் ஆண்டின் புதிய திருப்பலி முறையோ அப்பத்தை மனித உழைப்பின் பயனாகக் கூறியது. இவ்விரு மாற்றங்களின் பின்னரே, கண்டி ஆயராயிருந்த லியோ நாணாயக்கார பதுளையின் முதல் ஆயரானார்.

கொழுந்துக் கறை படிந்த கைகள் நிறைந்த தோட்டங்களில், பட்டுறை தூய்மைக்கு அடையாளமாதல் பொருந்தாது. ஆயின் உறையைக் களைவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. உழைக்குங் கையின் உரிமையை ஏற்பதே இம்மாற்றத்தின் உரைகல் என்பது எமது கருத்து.