யுரேனியத்தைப் பிடித்துவைக்கும் மட்கு

அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் யுரேனியம் தோண்டியவர்கள் அதைப் பல இடங்களில் மரங்களுக்குள்ளேயே கண்டார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் கால ஆறுகள் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. மக்கிய உயிர்ப்பொருள் இந்த உலோகத்தை ஏன் இப்படிச் சேர்த்துவைக்கிறது?

யுரேனியத்துக்கு இயற்கையில் முக்கியமான நிலைகள் இரண்டு. ஆக்சிஜன் கலந்த நீரில் அது யுரேனைல் அயனியாக மாறிக் கரைகிறது; கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்துகொண்டால் நிலத்தடி நீரோடு வெகுதூரம் போகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுவிட்டால் கிட்டத்தட்டக் கரையாத பொருளாகி அங்கேயே தங்கிவிடும்.

இலையும் வேரும் மக்கி உண்டாகும் மட்கின் ஹியூமிக் அமிலங்களில் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. எதிர்மின்னேற்றம் கொண்ட இவை, நேர்மின்னேற்றம் கொண்ட யுரேனைலைப் பற்றிக்கொள்கின்றன. சதுப்பு நிலங்களின் கரிமண்ணில் யுரேனியம் சேர்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நுண்ணுயிர்கள். கரிமப்பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு அவற்றுள் சில, உணவிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களை யுரேனியத்துக்கே கொடுத்து வாழ்கின்றன. ஆய்வாளர் டெரெக் லவ்லியும் அவருடைய குழுவினரும் இதை 1991-இல் நிறுவினார்கள்.

ஆனால் இந்தப் பிடிப்பு நிரந்தரமல்ல. மண்துகளில் ஒட்டிய மட்கு யுரேனியத்தைத் தடுக்கும். நீரில் கரைந்த மட்கோ அதே யுரேனியத்தைச் சுமந்துகொண்டு நகரும். கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள ரைஃபில் என்ற ஊர், பிடிப்பு நிரந்தரமல்ல என்பதற்குச் சான்று. அங்கிருந்த பழைய தாது ஆலையின் கழிவுக் குவியல்கள் 1990-களில் அகற்றப்பட்டன. ஆனாலும் நிலத்தடி நீரில் யுரேனியம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. வெள்ளச் சமவெளியில் புதைந்திருந்த கரிமப்பொருள் நிறைந்த மண்திட்டுகள் யுரேனியத்தைச் சேர்த்துவைத்திருந்தன. அதில் பெரும்பகுதி உறுதியான படிகமாக இல்லாமல், கரிமப்பொருளோடு ஒட்டிய நிலையில் இருந்தது. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது ஆக்சிஜன் உள்ளே புகுந்தால், அந்த யுரேனியம் மெல்லக் கரைந்து வெளியேற வழி பிறக்கும்.

குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதன் கதிரியக்கத்தைவிட, சிறுநீரகத்தைப் பாதிக்கும் நச்சுத்தன்மையே இங்கே முதன்மையான கவலை. எனவே சுரங்கப் பகுதிகளில் நீரை மட்டும் சோதித்தால் போதாது. மண்ணில் எவ்வளவு மட்கு இருக்கிறது, அது ஈரமாகவே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அத்தகைய இடத்தில் ஒரு சதுப்பு நிலத்தை வடியவைப்பதும், அது பல காலம் பூட்டிவைத்த யுரேனியத்தைத் திறந்துவிடும் செயலாக முடியலாம்.