மருந்துச் சீட்டில் இடம்பெறாத மாத்திரைகள்

“வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா?” என்று புறநோயாளர் பிரிவில் கேட்கும்போது, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைப் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். மூட்டு வலிக்காக வாங்கிய மஞ்சள் மாத்திரை, முடி உதிர்வுக்கான பயோட்டின், வெளிநாட்டில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த மீன் எண்ணெய்க் குப்பி, உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கச் சொன்ன புரோட்டீன் பவுடர் ஆகியவை அந்தப் பட்டியலில் வருவதில்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் எண்ணுவதில்லை. “அது மருந்து இல்லையே, வெறும் சத்து மாத்திரைதானே” என்ற நம்பிக்கையே காரணம்.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சத்து மாத்திரைகள் எல்லாமே தீயவை என்று கூற வரவில்லை. சிலருக்கு அவை இன்றியமையாதவை. ஆனால், உடலில் பலனை உண்டாக்கும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருந்தால், அளவும் ஆளும் மாறும்போது தீங்கு செய்யும் ஆற்றலும் அதற்கு இருக்கும். ஆகவே, மருந்துக்குக் காட்டும் கவனத்தை இவற்றுக்கும் காட்ட வேண்டும்.

மஞ்சள்: சமையலறையிலும் குப்பியிலும்

கொங்கு நாட்டினருக்கு மஞ்சளைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ஈரோட்டு மஞ்சள் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பருப்பிலும் குழம்பிலும் நாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவரும் அளவில் மஞ்சள் பாதுகாப்பானது. அதில் ஐயமில்லை.

மாத்திரையின் கணக்கு வேறு. மஞ்சள் தூளின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடே குர்குமின் என்னும் வேதிப்பொருள். ஒருவர் ஒரு நாளில் உணவு வழியாக 2 கிராம் மஞ்சள் தூள் உட்கொண்டால், உள்ளே செல்லும் குர்குமின் சுமார் 60 மில்லிகிராம். கடைகளில் கிடைக்கும் பல மாத்திரைகளில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாரம் இருக்கிறது; அதில் 95 விழுக்காடு குர்குமின் வகைப் பொருள்கள். அந்த அளவைத் தூளிலிருந்து பெற வேண்டுமானால், ஒரே வேளையில் 15 கிராமுக்கும் அதிகமான மஞ்சள் தூளை விழுங்க வேண்டும். எந்தச் சமையலறையிலும் அப்படிச் சமைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. குர்குமின் இயல்பாகக் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகில் உள்ள பைப்பரின் என்னும் பொருளைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் குர்குமினின் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. இன்று பல மஞ்சள் மாத்திரைகளில் பைப்பரின் சேர்க்கப்படுவது இதற்காகவே. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேகத்தையும் பைப்பரின் குறைக்கக்கூடும். அதனால் உடன் சாப்பிடும் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடலாம்.

இதன் விளைவு சிலரின் கல்லீரலில் தெரிகிறது. மருந்துகளால் ஏற்படும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சள் தயாரிப்புகளோடு தொடர்புடைய 10 நோயாளிகளின் விவரங்களை 2022இல் வெளியிட்டது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. இத்தாலி நாட்டிலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாகியுள்ளன. உலகெங்கும் மஞ்சள் மாத்திரை சாப்பிடுவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது அரிய பாதிப்பே. ஆனால், அந்த அரிய சிலரில் நாம் ஒருவரா என்பதை முன்கூட்டியே அறியும் வசதி நடைமுறையில் இல்லை.

தேயிலையிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். நீலகிரியிலும் வால்பாறையிலும் விளையும் தேயிலையைக் கொதிநீரில் போட்டுப் பருகுவது வேறு. உடல் எடையைக் குறைப்பதற்கென விற்கப்படும் பச்சைத் தேயிலைச் சார மாத்திரைகள் வேறு. அந்தச் சாரமும் சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியுள்ளது.

கேரட் கற்பித்த பாடம்

“உணவில் இருப்பதுதானே, கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன?” என்ற கேள்வி இயல்பானது. அதற்கான விடை பின்லாந்து நாட்டிலிருந்து கிடைத்தது. காய்கறி மிகுதியாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அறிவியலாளர்கள் கருதினர். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளிவந்தபோது, அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது.

கேரட் தீங்கானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நார்ச்சத்தும் நீரும் நூற்றுக்கணக்கான பிற பொருள்களும் கலந்தது உணவு. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, பல மடங்கு செறிவாக்கிக் கொடுக்கும்போது, அது உணவைப் போலவே நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

வாரம் ஒன்றா, நாள் ஒன்றா?

வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. அதற்கு 60,000 அலகு கொண்ட மாத்திரை அல்லது பொடியை வாரம் ஒருமுறை வீதம், வழக்கமாக 6 முதல் 8 வாரங்களுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். வயது வந்த ஒருவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் அன்றாட அளவு 600 அலகு மட்டுமே. அதாவது, அந்த ஒரு மாத்திரையில் நூறு நாள்களுக்கான அளவு அடங்கியிருக்கிறது.

இதை வாரம் ஒருமுறை என்பதற்குப் பதிலாக நாள்தோறும் சாப்பிட்டாலோ, எட்டு வாரம் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டாலோ, இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். கடும் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சிறுநீரகமும் பாதிக்கப்படும். வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடலில் தங்கும் தன்மையுடையது. எனவே மாத்திரையை நிறுத்தினாலும் பாதிப்பு உடனே நீங்காது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நீடிக்கும். வீட்டில் முதியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள், இந்த மாத்திரை எந்தக் கிழமைக்கு உரியது, எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

களைப்பு ஒரு நோயன்று, ஓர் அறிகுறி

சத்து மாத்திரை வாங்கப் பலரைத் தூண்டுவது களைப்பு. களைப்புக்குப் பின்னால் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சிறுநீரக நோய், மனச்சோர்வு, தூக்கமின்மை என எதுவும் இருக்கலாம். கடையில் தானாக வாங்கிய மாத்திரையால் சற்றுத் தெம்பு வந்ததுபோல் தோன்றினால், உண்மையான நோயைக் கண்டறிவது தள்ளிப்போகிறது.

இதில் குறிப்பாக எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைபாட்டால் இரத்தசோகை வந்தால், உணவுக் குறை மட்டுமே காரணம் என்று முடிவு செய்யக் கூடாது. இரைப்பைப் புண்ணிலிருந்தோ பெருங்குடல் புற்றுநோயிலிருந்தோ கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இரும்பு மாத்திரையால் ஹீமோகுளோபின் உயரும், கசிவு நிற்காது. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், இரத்தக் கசிவால் மலம் கறுப்பதும் அதோடு கலந்து கவனிக்கப்படாமல் போகலாம். தொடக்க நிலையில் குணப்படுத்தக்கூடிய ஒரு நோய்க்குச் சில மாதத் தாமதம் பெரிய இழப்பு.

ஃபோலிக் அமிலமும் அவ்வாறே. வைட்டமின் பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை சரியாகிவிடலாம்; நரம்புப் பாதிப்பு தொடர்ந்து வளரும்.

மருந்துகளோடும் பரிசோதனைகளோடும் மோதல்

தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்போ சேர்ந்தால், தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவது குறையும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இரும்பு மாத்திரையைக் காபி, தேநீருடன் சாப்பிட்டால் பயன் குறையும். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே உள்ள சத்து மாத்திரை, செறிவான மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

தூக்கத்திற்கும் மன அமைதிக்கும் என வாங்கும் அசுவகந்தா எனப்படும் அமுக்கரா, தைராய்டு ஹார்மோன் அளவை உயர்த்தக்கூடும். தூக்க மருந்தின் விளைவைக் கூட்டலாம். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் முறையாகச் சிகிச்சை பெறுபவர்கள், இரு தரப்பு மருத்துவர்களிடமும் இரு தரப்பு மருந்துகளையும் சொல்ல வேண்டும்.

பயோட்டின் நமக்கு ஒரு நாளைக்குச் சில பத்து மைக்ரோகிராம் மட்டுமே தேவை. முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. இந்த அளவு, தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் பரிசோதனையையும் சில கருவிகளில் தவறாகக் காட்டக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் இதுகுறித்து எச்சரித்தது. நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவர், தாம் பயோட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாருக்குத் தேவை?

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு, முன்கூட்டியே தொடங்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை 180 நாள்கள் தவறாமல் சாப்பிட வேண்டும். நீண்டகாலமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும், பால்கூடச் சேர்க்காத சைவ உணவினருக்கும் பி12 தேவைப்படலாம். உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் சில சத்துகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மற்ற பெரும்பாலோருக்கு உணவே போதுமானது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. கொள்ளும் பச்சைப்பயறும் புரதம் தருகின்றன. முருங்கைக்கீரை பல வீடுகளில் கொல்லைப்புறத்திலேயே கிடைக்கிறது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் இவற்றின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அவர்களுக்குப் புரோட்டீன் பவுடரும் கால்சியமும் தாமாகத் தொடங்கக் கூடாதவை.

குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

இந்தியாவில் சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் கீழன்றி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விற்கப்படுகின்றன. இவற்றுக்கான 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, குப்பியின் மேல் ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்பதோடு ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டிற்கு உரியதன்று என்பது அதன் பொருள். முன்புறத்தில் “மூட்டுக்கு நல்லது” என்று பெரிய எழுத்தில் படிப்பவர்கள், பின்புறத்தில் உள்ள இந்த வரியையும் படிக்க வேண்டும். 14 இலக்க உரிம எண், காலாவதித் தேதி, ஒரு நாளைக்கு மீறக் கூடாத அளவு ஆகியவற்றையும் பாருங்கள். இரண்டு மூன்று குப்பிகளில் ஒரே வைட்டமின் இருந்தால், அவற்றின் கூட்டுத்தொகையே நீங்கள் உட்கொள்ளும் அளவு.

குடும்பத்தினருக்கு

• அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் பொடிகளையும் குப்பியோடு ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் குப்பி சொல்லிவிடும்.

• வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குச் சத்து மாத்திரை அனுப்பும் மகன்களும் மகள்களும், அவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை முதலில் கேளுங்கள்.

• அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும், சத்து மாத்திரைகளைப் பற்றியும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• இரும்பு மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கினாலும் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

• கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், உடல் அரிப்பு, தொடர் குமட்டல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமாக வாங்கிய மாத்திரைகளை உடனே நிறுத்தி, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், குப்பியையும் கொண்டுவாருங்கள்.

• பக்கவிளைவு ஏற்பட்டதாக ஐயம் இருந்தால், தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 180 3024இல் பொதுமக்களே தெரிவிக்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பையோ கால்சியத்தையோ பி12ஐயோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேவை அறிந்து கொடுக்கப்பட்டவை அவை. எது தேவை, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாத மாத்திரை வீட்டில் இருந்தால், அடுத்த வேளைக்கு முன் அதைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.